வானொலி வல்லுநர் ஆம்ஸ்டிராங்

வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பிப் பாட்டுக் கேட்பார் பலர்; அப்பாட்டு ஆகாயத்தினின்று எங்ஙனம் பிரிந்து வந்ததென வினவுவார் சிலர்; அதற்கு வழி கண்டவரின் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். மார்க்கோனியின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்டிராங் என்னும் அமெரிக்கப் பேரறிஞரின் பெயரோ பௌதிகம் பயிலும் மாணவரிடத்தும் அருகியே வழங்குகின்றது. இவர் கண்ட முறைகளுள் ஒன்றேனும் கையாளப்படாத வானொலிப் பெட்டியைத் தேடிக் காண்டல் அரிது. ஆதலின் இவரது வரலாற்றை, இவர் சமைத்த கருவிகளின் இயல்போடு சேர்த்து, ஈண்டு எழுதப் புகுகின்றோம். கருவியை விடுத்து வாழ்க்கையை மட்டும் கூறுதல் இவர்திறத்தில் இயலாது. இவர் எய்திய புகழும் இவரை வீழ்த்திய துயரும், ஏற்பியினுள் இருக்கும் சில கம்பிச் சுருள்களை முதலில் இணைத்தவர் யாவர் என்னும் வழக்கினின்றே பிறந்தன.

ஆம்ஸ்டிராங் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நியூயார்க்கு நகரிற் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் உத்தியோகம் வகித்தவர். தாயார் ஆசிரியையாக இருந்தவர். எட்டு வயதளவிற் கண்ட கொடிய நோய் ஒன்று இவரது தோளிலும் முகத்திலும் ஒரு துடிப்பை விட்டுச் சென்றது. அது பின்னர் மனம் கலங்கியபோதெல்லாம் மிகுந்தது. நோயினால் ஈராண்டு பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே பயின்றார். தனித்திருந்து பழகிய அவ்வாண்டுகளே இவருக்குத் தனித்து நின்று எண்ணும் ஆற்றலை அளித்தன என்று கருத இடமுண்டு. குடும்பத்தார் ஹட்ஸன் ஆற்றை நோக்கிய யாங்கர்ஸ் என்னும் ஊரிற் குடியேறினர். ஆண்டுப் பதினான்கில், மார்க்கோனி முதலியோரின் செயல்களைக் கூறும் சிறுவர் நூலொன்றைத் தந்தையார் வாங்கிக் கொடுக்க, அதனைப் படித்த சிறுவர் தாமும் புதுவது காண்பவராதல் வேண்டுமென உறுதிகொண்டார். சின்னாளில் வீட்டின் புறத்தே 125 அடி உயரக் கம்பமொன்றைத் தம் கையாலேயே நாட்டி, கயிற்றிற் கட்டிய பலகையில் அமர்ந்து அதன் உச்சிக்கு ஏறியிறங்குவாராயினர். உயரம் இவருக்கு அச்சந்தருவதாயில்லை. இதனைப் பின்னரும் காண்போம்.

இவர் இளைஞராயிருந்த காலத்து வானொலிக் கலை எந்நிலையில் இருந்ததென்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பேச்சொலியின் அதிர்வு வினாடிக்குச் சில நூறு முதற் சில ஆயிரம் வரை நிற்பது. இத்தகைய மெதுவான அதிர்வை நேரே வானிற் செலுத்துவதற்கு மைல் கணக்கில் நீண்ட ஏரியல் வேண்டப்படும். ஆகவே, வினாடிக்கு லட்சக்கணக்கில் அதிரும் மின்னலை ஒன்றை உண்டாக்கி, அதன்மீது பேச்சை ஏற்றி அனுப்புகின்றனர். இதனைத் தாங்கியலை என்போம். 1000 கிலோசைக்கிள் நிலையம் என்றால், அதன் தாங்கியலை வினாடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்கின்றதென்பது பொருள். கிலோசைக்கிள் என்பதை இக்காலத்தார் கிலோஹெர்ட்ஸ் என்பர். பாடுவோர் குரல் உரக்க எழும்பொழுது அலையின் வீச்சு பெருகவும், தாழும்பொழுது சுருங்கவும் செய்தால் அது வீச்சுமாற்ற முறை. அலையின் எண்ணிக்கை மாறாது, உயரமே மாறும்.

இனி ஏற்பியின் கடமை யாது? கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் சேர்ந்த இசைவுச் சுற்று, பல நிலையங்களின் அலைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றது. ஆயினும் அவ்வலையை நேரே செவிக்குழலுக்கு அனுப்பினால் ஒன்றும் கேளாது. காரணம் எளிது. தாங்கியலை ஒரு கணம் மேலும் மறுகணம் கீழுமாகச் சமமாய்ச் செல்வது. மேற்பாதியைக் கீழ்ப்பாதி கழித்துவிட, சராசரி என்றும் பூஜ்யமாகவே நிற்கும். செவிக்குழலின் தகடு வினாடிக்குப் பத்து லட்சம் முறை அசையமாட்டாது. அது சராசரியையே உணரும். ஆதலின் ஒரு பாதியை வெட்டி எறிதல் வேண்டும். காலீனா என்னும் ஈயக்கல்லின்மேல் மெல்லிய கம்பி முனை ஒன்றைப் பொருத்தினால், மின்னோட்டம் ஒரு திசையில் எளிதிற் செல்லும், மறுதிசையிற் செல்லாது. இருமுனை வால்வும் அங்ஙனமே. கீழ்ப்பாதி போய்விட்டபின் எஞ்சிய மேற்பாதிகளின் சராசரி, பாடுவோர் குரலுக்கேற்ப ஏறியும் இறங்கியும் நிற்கும்.

ஏற்றம் இறைப்பதைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். சால் சாலாகத் தண்ணீர் தொட்டியில் விழுகின்றது. தொட்டியின் அடியில் ஒரு சிறு துளை வழியே தண்ணீர் வாய்க்காலுக்கு ஒழுகுகின்றது. ஒவ்வொரு சாலும் விட்டுவிட்டு விழினும், வாய்க்காலில் நீர் விடாது ஓடும். சாலில் நீர் மிகுந்தால் வாய்க்காலிலும் மிகும், குறைந்தால் குறையும். கல்லுக்கு அடுத்து நிற்கும் சிறு கண்டென்ஸரே தொட்டி. அதனோடு இணைத்த தடையே துளை. தொட்டி மிகப் பெரிதாயின் சாலின் ஏற்றத்தாழ்வு நீர்மட்டத்திற் புலப்படாது, உயர்ந்த சுவரங்கள் மழுங்கிப்போம். மிகச் சிறிதாயின் ஒவ்வொரு சாலுக்கும் மட்டம் துள்ளும். தாங்கியலையின் ஓரதிர்வுக்கு ஆகும் காலத்தினும் நெடிதாகவும், குரலின் ஓரதிர்வுக்கு ஆகும் காலத்தினும் குறிதாகவும் அது காலியாகுமாறு அமைப்பதே கருவி செய்வோர் திறமை. வால்வு ஒழிந்து நுண்சில்லு வந்த காலத்தும் இந்நுட்பம் மாறிற்றிலது.

இம்முறையிற் குறை ஒன்றே, அது பெருங்குறை. காலீனாக் கல் தானாக ஆற்றல் தருவதன்று. வானினின்று வந்த சிறு ஆற்றலையே செவிக்கு அளிப்பது. தொலைவிலிருந்து வரும் அலை கேளாதொழியும். 1906இல் லீ டி பாரஸ்ட் என்பார், இழையும் தகடும் உடைய வால்வினுள் மூன்றாவதாக ஒரு வலையை வைத்து ஆடியன் என்னும் கருவியைச் செய்தார். அஃது எங்ஙனம் தொழிற்படுகின்றதென்பதை அவரே தெளிய அறிந்திலர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பூப்பினிடம் மின்னியல் பயின்ற ஆம்ஸ்டிராங், அவ்வால்வைப் பொறுமையுடன் அளந்து பார்த்தார். தகட்டின் வழியே செல்லும் மின்னோட்டத்திலும், வலைக்கு வந்த உயரதிர்வு அலை பெருகிய வடிவில் இருத்தலைக் கண்டார். அங்ஙனமாயின், அதில் ஒரு பகுதியை மீண்டும் வலைக்கே செலுத்தினால் என்ன? 1912இல் அதனைச் செய்து பார்த்தார். கேளாத நிலையங்கள் அறை முழுதும் கேட்டன.

ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை நினைத்துப் பார்க்க. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துச் சிறிது உந்தினால், வீச்சு வரவரப் பெருகும். தகட்டினின்று வலைக்குத் திரும்பும் ஆற்றல் அவ்வுந்துதலை ஒத்தது. அலைக்கு இசைந்த தருணத்தில் அது சேர்வதால் ஒரே வால்வு ஆயிரமடங்கு வேலை செய்கின்றது. உந்துதல் இன்னும் மிகுந்தால், யாரும் தொடங்கி வையாமலே ஊஞ்சல் தானாக ஆடும். இதனையும் ஆம்ஸ்டிராங் கண்டார். அந்நிலையில் வால்வு ஏற்பியாயிராது அலை பிறப்பிக்கும் கருவியாகின்றது. பின்னாளில் எல்லா ஒலிபரப்பு நிலையங்களும் அலை பிறப்பித்தது இவ்வழியாலே. ஒரு மாணவர் ஒரே சுற்றில் இருபெருங் கருவிகளைக் கண்டது வியப்பினும் வியப்பு.

பேடெண்டு உரிமைக்குப் பணம் வேண்டும். பட்டம் பெறுமுன் பணம் கொடுக்கத் தந்தையார் இசைந்திலர். ஆகவே 1913ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், சுற்றின் படத்தை வரைந்து, நோட்டரி ஒருவர்முன் கையொப்பமிட்டுத் தேதி பதித்துக்கொண்டார். விண்ணப்பம் அனுப்பியது அவ்வாண்டு அக்டோபரில். உரிமை கிடைத்தது 1914 அக்டோபரில். இச்சில திங்கள் தாழ்ப்பு இவருக்குப் பின்னர் எவ்வளவு இடர் விளைத்ததென்பதைத் தந்தையார் அன்று எண்ணியிரார். 1914 ஜனவரி இறுதியில், மார்க்கோனிக் கம்பெனியில் உத்தியோகத்திலிருந்த டேவிட் ஸார்னாப் என்னும் இளைஞர், நியூஜெர்ஸிக் கடற்கரையில் பெல்மார் என்னும் இடத்திலிருந்த குளிர்ந்த குடிசையொன்றில் இரவு முழுதும் இவருடனிருந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்தும் பஸிபிக்குத் தீவிலிருந்தும் வந்த குறிகளைக் கேட்டு மகிழ்ந்தார். இருவரும் நண்பராயினர்.

முதல் உலகப் போரில் ஆம்ஸ்டிராங் அமெரிக்கச் சேனையின் ஸிக்னல் பிரிவில் அதிகாரியாகிப் பாரிஸ் நகர் சென்றார். பகைவர் கையாளக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளை அக்காலத்து வால்வுகள் பெருக்கமாட்டா. வால்வு எட்டாத உயரத்தில் அலை இருக்குமாயின், அலையையே வால்வு எட்டும் தாழ்விற்குக் கொணர்தல் வேண்டும் என 1918இல் இவர் துணிந்தார். சுருதி சிறிதே வேறுபட்ட இரண்டு தந்திகளை ஒருங்கே மீட்டினால் அவற்றின் வேறுபாட்டளவிற்கு ஒரு விம்மல் எழும் என்பதை வீணை பயில்வோர் அறிவர். அதுபோல, ஏற்பியினுள்ளேயே ஓர் அலையைப் பிறப்பித்து வரும் அலையோடு கலந்தால், இரண்டின் வேறுபாடாகிய புதிய அலை ஒன்று தோன்றும்; அது பழைய அலையின்மேல் ஏறியிருந்த பேச்சை அங்ஙனமே சுமந்து நிற்கும். 1000 கிலோசைக்கிள் நிலையத்தைக் கேட்கப் பெட்டியினுள் 1455 கிலோசைக்கிள் அலை பிறக்கின்றது, வேறுபாடு 455. திருகைத் திருப்பி 1200க்குச் சென்றால் உள்ளலை 1655ஆகின்றது. வேறுபாடு மீண்டும் 455. எந்த நிலையத்தைத் திருப்பினும் உள்ளே செல்வது 455 ஒன்றே. ஆதலின் பெருக்கும் சுற்றுகளை அவ்வோர் எண்ணுக்கு மட்டும் செவ்வனே அமைத்துவிடலாம். அதன்பின் முற்கூறிய டையோடு வால்வு பாதியை வெட்டிப் பேச்சைப் பிரித்தெடுக்கும். இதுவே சூப்பர்ஹெட்ரொடைன் முறை. பிரான்ஸில் லூஸியன் லெவி என்பாரும் இவ்வழியே முயன்று உரிமை கோரினர். எனினும் உலகம் பெரும்பாலும் ஆம்ஸ்டிராங்கின் பெயரோடே இதனைச் சேர்த்து வழங்குகின்றது.

போர் முடிந்தபின் செல்வம் வந்தது. 1920இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் இவ்விரண்டு உரிமைகளையும் 3,35,000 டாலருக்கு வாங்கினர். 1922இல் சூப்பர்ரீஜெனரேஷன் என்னும் மற்றொரு சுற்றுக்காக, ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் இரண்டு லட்சம் டாலரும் அறுபதினாயிரம் பங்குகளும் அளித்தனர். பழைய நண்பர் ஸார்னாப் அப்பொழுது அக்கம்பெனியில் மேலதிகாரி. அவருடைய காரியதரிசியாகிய மேரியன் மக்கின்னிஸ் என்னும் நங்கையை ஆம்ஸ்டிராங் 1923 டிசம்பரில் மணந்தார். அவ்வாண்டு மே மாதத்தில், கம்பெனியின் ஒலிபரப்புக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டு அதனை அந்நங்கைக்கு அனுப்பியதும், ஸார்னாப் சினந்து இவரைக் கட்டடத்தினுள் வரலாகாதெனத் தடுத்ததும் அக்காலத்து வேடிக்கைக் கதைகள். மணப்பரிசாக மனைவிக்கு இவர் அளித்தது கையில் எடுத்துச் செல்லக்கூடிய சூப்பர்ஹெட்ரொடைன் பெட்டி.

இதனிடையே டி பாரஸ்ட், திருப்பியூட்டும் சுற்றைத் தாமே 1912 ஆகஸ்டில் முதலிற் கண்டதாக வழக்காடினார். ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் ஊளையொலி ஒன்றைப் பற்றிய குறிப்பே அவருக்கு ஆதாரம். முதலில் நீதிமன்றங்கள் ஆம்ஸ்டிராங்கின் பக்கமே தீர்த்தன. வழக்குச் செலவை விட்டுக்கொடுத்திருந்தால் வழக்கு அன்றே முற்றுப்பெற்றிருக்கும் என்பர், இவர் விட்டுக்கொடுத்திலர். வழக்கு மீண்டும் எழுந்தது. 1928இலும் 1934இலும் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி பாரஸ்டுக்கே உரிமை என்று தீர்த்தது. சட்டம் அங்ஙனம் கூறினும், இத்துறை வல்லார் பலர், சுற்றின் இயல்பை அறிந்து பயன்கொண்டவர் ஆம்ஸ்டிராங்கே என்று கருதினர். எமது கருத்தும் அதுவே. 1934இல் பிலடெல்பியாவிற் கூடிய வானொலிப் பொறியாளர் கழகத்தில், இச்சுற்றுக்காக 1917இற் பெற்ற பதக்கத்தைத் திருப்பித் தர இவர் எழுந்தார். கழகத்தார் அதனை ஏற்க மறுத்துப் பதக்கம் அவருக்கே உரியதென்று அறிவிக்க, அவையோர் நெடுநேரம் ஆரவாரித்தனர்.

தோல்வியுற்ற அவ்வாண்டுகளிலேயே இவர் தம் வாழ்நாளின் பெருஞ்செயலை முடித்திருந்தார் என்பது பலர்க்கும் அன்று தெரியாது. வீச்சுமாற்ற ஒலிபரப்பைக் கேட்டவர் அதன் கரகரப்பை நன்கறிவர். கோடைமழைக் காலத்தில் தொலைவில் மின்னல் வெட்டினும் பெட்டி படபடவென்று பொரியும். மின்னலும், மோட்டார்ப் பொறியும், மின்விசிறியும் தாமும் அலைகளை எழுப்புகின்றன. அவை தாங்கியலையோடு சேர்ந்து அதன் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் கெடுக்கின்றன. ஏற்பியோ வீச்சின் மாறுபாட்டையே பேச்சு என்று கொள்ளும். பாட்டால் விளைந்த மாறுபாடும் மின்னலால் விளைந்த மாறுபாடும் அதற்கு ஒன்றே. மாணவப் பருவம் முதலே ஆசிரியர் பூப்பினோடு இதனை ஒழிக்க இவர் முயன்றார். இரைச்சலை நீக்கும் சிறு கருவி ஒன்று வேண்டுமென்று ஸார்னாப்பும் கேட்டார் என்பர். பல்லாண்டு முயன்றும் வீச்சுமாற்ற முறையுள் நின்று வழி காண இயன்றிலது.

வீச்சை மாற்றாது, அதிர்வெண்ணை மாற்றினால் என்ன? இவ்வெண்ணம் புதியதன்று. ஒலி உயரும்பொழுது தாங்கியலை சற்று விரைந்து அதிரவும், தாழும்பொழுது சற்று மெதுவாக அதிரவும் செய்யலாம் என்பது முன்னரே பலர்க்குத் தெரியும். ஆயின் ஜான் கார்ஸன் என்னும் கணித வல்லார் 1922இல் இதனை ஆராய்ந்து, இம்முறையால் இடம் மிச்சமாகாது, ஒலியும் திரியும் என்று காட்டிவிட்டார். அவர் கணக்கில் பிழையில்லை. அவரும் பிறரும், அதிர்வெண்ணைச் சிறிதே அசைத்து, வானில் குறுகிய இடத்தில் அடக்கப் பார்த்தனர். ஆம்ஸ்டிராங் அதற்கு நேர்மாறாக மிக அகல அசைத்தார். கணக்கு அறிந்தோர் அடைத்த கதவை ஆய்வுக்கூடத்திலிருந்து இவர் திறந்ததைப் பௌதிக மாணவர் சிறிது நின்று நோக்குதல் தகும். 1933 டிசம்பர் 26ஆம் நாள் இம்முறைக்குரிய பேடெண்டு உரிமைகள் இவருக்குக் கிடைத்தன.

இவ்வேற்பி பேச்சைப் பிரிக்கும் விதம் வேறு. முதலிற் கலப்பு முறையால் அலை தாழ்த்தப்படுகின்றது. பிற்காலத்து இதற்கு 10.7 மெகாசைக்கிள் என்னும் எண் வழக்காயிற்று. பெருக்கிய அலை பின்னர் லிமிட்டர் என்னும் சுற்றினுள் நுழைகின்றது. இஃது ஒரு குறிப்பிட்ட உயரத்திற்குமேல் அலையின் தலையையும் அடியையும் சீவிவிடும். மின்னலால் எழுந்த மேடுகள் எல்லாம் அங்கே ஒழிகின்றன. வீச்சுமாற்ற அலையை இங்ஙனம் சீவினால் பாட்டே போய்விடும், இங்குப் பாட்டு உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கின்றது, ஆதலின் கேடில்லை. சீவிய அலை அடுத்து டிஸ்கிரிமினேட்டரை அடைகின்றது. அதனை இரண்டு இசைவுச் சுற்றுகளாகக் கொள்வது எளிது: ஒன்று நடு எண்ணுக்குச் சிறிது மேலும், மற்றொன்று சிறிது கீழும் இசைக்கப்பட்டவை. அலை நடுவில் நிற்கும்பொழுது இரண்டிலும் எழும் மின்னழுத்தம் சமம். அலை மேலே ஒதுங்கினால் முதற்சுற்று மிகும், இரண்டாவது குறையும். கீழே ஒதுங்கினால் மறுதலை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு டையோடு வைத்து, இரண்டின் பயனையும் எதிரெதிராகச் சேர்த்தால், எஞ்சி நிற்கும் வேறுபாடு அதிர்வெண்ணின் அசைவை அப்படியே தொடரும். அதுவே பாட்டு. முன்னர்க் கூறிய டையோடும் தொட்டியும் இங்கும் உள்ளமை காண்க. அதிர்வெண் மாற்றத்தை வீச்சுமாற்றமாக்கி, அதனைப் பழைய வழியே பிரித்தெடுப்பதே இதன் சூழ்ச்சி.

இரைச்சல் லிமிட்டரோடு முற்றும் ஒழிந்துவிடுமெனின், அகல அசைப்பது எதற்கு என்று மாணவர் வினவலாம். வினா நல்லதே. இரைச்சல் அலையின் உயரத்தைக் கெடுப்பதோடு, அதன் அடியெடுப்பையும் சிறிது முன்பின்னாகத் தள்ளுகின்றது. அது அதிர்வெண்ணின் அசைவுபோலவே தோன்றும். லிமிட்டர் அதனைத் தடுக்கமாட்டாது. ஆனால் இத்தள்ளுதல் சிறிது. பாட்டினால் வரும் அசைவு நடுவிலிருந்து இருபுறமும் 75 கிலோசைக்கிள் வரை செல்லுமாயின், இச்சிறு தள்ளுதல் அதனெதிரே ஒரு பொருட்டாகாது. அகலம் மிகுந்தோறும் இரைச்சல் அமுங்கும். விலையில்லாது வருவதன்று இந்நலம்: வீச்சுமாற்ற நிலையமொன்றுக்கு 10 கிலோசைக்கிள் இடம் போதும், இதற்கு 200 வேண்டும். அவ்வளவு இடம் மிக்குயர்ந்த அதிர்வெண்களிலேதான் உண்டு. அவ்வலைகளோ அடிவானத்திற்கு அப்பால் வெகுதூரம் செல்லா. உயர்ந்த கோபுரம் வேண்டப்படுவது இதனாலேதான்.

1934இல் ஸார்னாப்பின் இசைவுடன் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து இவர் சோதனைகள் நடத்தினார். சோதனை வென்றது, ஆயினும் 1935இல் டெலிவிஷன் வேலைக்கு இடம் வேண்டுமென்று கூறிக் கம்பெனியார் கருவிகளை அகற்றச் சொன்னார்கள். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர் முன்னிலையில் கட்டுரை படித்த ஆம்ஸ்டிராங், முன்னறிவிப்பின்றிப் பெட்டியைத் திறந்தார். யாங்கர்ஸில் நண்பர் ரன்யன் இல்லத்திலிருந்து அலை வந்தது. பெட்டி முதலில் இரைந்தது. அலையைப் பற்றியவுடன் முற்றும் அடங்கிற்று. பெட்டி நின்றுவிட்டதோ என்று ஐயுறும்படி அமைதி நிலவியது. பின்னர் அவ்வமைதியின் நடுவே குவளையில் தண்ணீர் ஊற்றும் ஒலியும், காகிதத்தைக் கசக்கும் ஒலியும், மணியோசையும் அருகிருந்தாற்போற் கேட்டன. அதுகாறும் வானொலியில் எவரும் கேட்டிராத ஒலிகள் அவை.

ஸார்னாப் கேட்டது சிறு கருவி. ஆம்ஸ்டிராங் கொணர்ந்ததோ பழைய நிலையங்களையும் பெட்டிகளையும் ஒருங்கே பயனற்றனவாக்கக்கூடிய புதுமுறை. வீச்சுமாற்ற ஒலிபரப்பிலும் வரவிருந்த டெலிவிஷனிலும் பெரும்பொருள் முடக்கிய கம்பெனி அதனை விரும்பாமை வியப்பன்று. ஆகவே ஆம்ஸ்டிராங் தம் கைப்பொருளைக் கொண்டே நியூஜெர்ஸி ஆல்பைன் என்னுமிடத்தில் நானூறு அடிக்கு மேற்பட்ட கோபுரமொன்று எழுப்பி, 1939இல் முழு ஆற்றலுடன் ஒலிபரப்பினார். ஜெனரல் எலெக்ட்ரிக் முதலிய கம்பெனிகள் உரிமைப் பணம் தந்து பெட்டிகள் செய்தன. 1940இல் ஆர்.ஸி.ஏ. ஒரேயடியாகப் பத்து லட்சம் டாலர் தருவதாகக் கூறிற்று. பிறர் விற்பனைக்கேற்பப் பங்கு கொடுக்க, ஒருவர்க்கு மட்டும் தனிச்சலுகை அளித்தல் முறையன்றென இவர் மறுத்தார். இரண்டாம் போரில் அமெரிக்கச் சேனையின் டாங்கிகளிலும் வண்டிகளிலும் இம்முறை பெரிதும் பயன்பட்டது; அதற்குரிய பணத்தை இவர் தம் நாட்டினிடம் பெற்றிலர்.

1945இல், சூரியப் புள்ளிகளால் தொலைநிலையங்கள் குறுக்கிடும் என்னும் காரணங்காட்டி, அமெரிக்க அரசாங்க வானொலிக் குழு அதிர்வெண்மாற்ற நிலையங்களை 42 முதல் 50 மெகாசைக்கிள் வரையிருந்த இடத்தினின்று பெயர்த்து 88க்கு மேல் வைத்தது. ஆம்ஸ்டிராங் அக்காரணத்தை மறுத்துரைத்தும் பயனில்லை. மக்கள் வாங்கியிருந்த நான்கைந்து லட்சம் பெட்டிகள் பயனற்றன. நிலையங்கள் யாவும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

டெலிவிஷனின் ஒலிப்பகுதிக்கும் அமெரிக்காவில் அதிர்வெண்மாற்ற முறையே விதிக்கப்பட்டது. ஆர்.ஸி.ஏ. பெட்டிகளை விற்றது, உரிமைப் பணம் தந்திலது. அக்கம்பெனியின் ஸீலி என்னும் பொறியாளர் ரேஷியோ டிடெக்டர் என்னும் சுற்றை அமைத்திருந்தார். அதில் இரண்டு டையோடுகளும் ஒரே திசைபட இணைந்து, ஒரு பெரிய கண்டென்ஸரை நிரப்புகின்றன. இரண்டின் கூட்டுத்தொகையை அக்கண்டென்ஸர் மாறாது பிடித்து வைப்பதால், அவற்றிடை விகிதம் ஒன்றே ஒலியாகின்றது; மின்னலின் துள்ளல் அங்கேயே அடங்குகின்றது. தனியே லிமிட்டர் வேண்டாமையால் இஃது ஆம்ஸ்டிராங்கின் உரிமைக்குட்படாதென்பது கம்பெனியின் வாதம். துள்ளலை அடக்கி அதிர்வெண்ணின் அசைவை மட்டும் எடுப்பதே இவருடைய கருத்தின் உயிர். அதனைப் பெரிய கண்டென்ஸர் செய்தாலென்ன, லிமிட்டர் செய்தாலென்ன என்று எமக்குத் தோன்றுகின்றது. 1948 ஜூலையில் ஆம்ஸ்டிராங் வழக்குத் தொடுத்தார். விசாரணைக்கு முன் வாக்குமூலம் வாங்குவதிலேயே நெடுங்காலம் கழிந்தது. 1933இன் உரிமைகள் 1950இல் காலாவதியாயின, வருவாய் வற்றியது, வழக்குரைஞர் செலவோ வற்றிலது. ஆய்வுக்கூடத்திற்குச் செல்லவேண்டிய நாட்களை இவர் வழக்குக் கட்டுகளிடையே கழித்தார்.

1953 நவம்பரில், ஓய்வுக்கென ஒதுக்கிய பணத்தையும் வழக்கிற்குக் கேட்டதால் மனைவியோடு பூசல் விளைந்தது. அம்மையார் தம் சகோதரி இல்லம் சென்றார். முப்பதாண்டு இல்லறம் அங்ஙனம் முறிந்தது இவரை உடைத்துவிட்டது. 1954 ஜனவரி 31ஆம் நாள் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆம்ஸ்டிராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முதற்சுற்றின் படத்திற்கு நோட்டரியின் ஒப்பம் பெற்ற நாளிலிருந்து அன்றோடு சரியாக நாற்பத்தோராண்டு.

வழக்கு அவரோடு முடியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆர்.ஸி.ஏ. மேரியன் அம்மையாருக்குப் பத்து லட்சத்து ஐம்பதினாயிரம் டாலர் கொடுத்து உடன்பட்டது; 1940இல் அவர் மறுத்த தொகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதே. எஞ்சிய கம்பெனிகள்மீது அம்மையார் ஒவ்வொன்றாக வழக்காடி வென்று, இறுதியாக 1967இல் மோட்டரோலாவையும் வென்றனர்.

நம் நாட்டில் அதிர்வெண்மாற்ற ஒலிபரப்பு முதன்முதல் தொடங்கியது சென்னையில், 1977ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள். இக்காலத்துச் சிறு ஏற்பிகளில் வால்வுமில்லை, டிஸ்கிரிமினேட்டர்ச் சுருளுமில்லை. பலவற்றில் நுண்சில்லினுள் ஓரலையைப் பிறப்பித்து, வரும் அலையை அது விடாது பின்தொடருமாறு செய்து, பின்தொடர்தற்கு வேண்டிய திருத்தத்தையே பாட்டாக எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் அகல அசைப்பதும், துள்ளலை அடக்குவதும் ஆம்ஸ்டிராங் வகுத்த முறையே. ஆல்பைன் கோபுரம் அவருக்குப் பின்னும் நின்றது. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் உலக வாணிக மையக் கட்டடங்கள் வீழ்ந்து, அவற்றின் உச்சியிலிருந்த ஏரியல்களும் அழிந்தபொழுது, நியூயார்க்கு நகரின் டெலிவிஷன் நிலையங்கள் சில அக்கோபுரத்திற்கு வந்து அங்கிருந்து ஒலிபரப்பின.